தட்டு முதலில், அறை அடுத்து, ஆம்ப்ளிஃபையர் கடைசியில்: வீட்டுக்கான முதல் ஸ்டீரியோவைத் தேர்ந்தெடுத்தல்

வீட்டுக்கு முதன்முறையாக ஸ்டீரியோ வாங்க நினைப்பவர் சென்னை ரிச்சி தெருவிலோ வேறெந்த ஊரின் கடைத்தெருவிலோ நுழைந்ததும் கேட்கும் கேள்வி, பெரும்பாலும் எத்தனை வாட் என்பதுதான். பி.எம்.பி.ஓ. (கணநேர உச்சத்திறன்) என்ற பெயரில் ஆயிரக்கணக்கான வாட்டுகளை அட்டைப்பெட்டியின்மேல் அச்சடித்து விற்ற காலம் நம்மிடம் விட்டுச்சென்ற பழக்கம் அது. இசைத்தட்டு கேட்பதற்கென்று ஒரு தொகுப்பை அமைப்பவர் அந்தக் கேள்வியைத் தயங்காமல் கடைசிக்குத் தள்ளிவிடலாம். எந்தத் தட்டுகளைக் கேட்கப் போகிறோம் என்பது டர்ன்டேபிளை, அதாவது தட்டைச் சுழற்றி வாசிக்கும் கருவியை, முடிவு செய்துவிடும். எந்த அறையில் கேட்கப் போகிறோம் என்பது ஸ்பீக்கரை முடிவு செய்துவிடும். ஆம்ப்ளிஃபையர் இவ்விரண்டுக்கும் நடுவில் நின்று தன் வேலையைச் செய்தால் போதும்.

கடைகளில் கிடைப்பவற்றை நான்கு வழிகளாகப் பார்க்கலாம். எல்லாம் ஒரே பெட்டிக்குள் அடங்கிய சூட்கேஸ் ப்ளேயர் ஒன்று. உள்ளேயே ஃபோனோ ப்ரீஆம்ப் (ஊசி தரும் மெல்லிய மின்குறியைப் பெருக்கும் சுற்று) கொண்ட தானியங்கி டர்ன்டேபிளோடு, ஆம்ப்ளிஃபையர் உள்ளடங்கிய பவர்டு ஸ்பீக்கர்களைச் சேர்ப்பது இன்னொன்று. கையால் இயக்கும் டர்ன்டேபிள், தனி ஆம்ப்ளிஃபையர், சாதாரண ஸ்பீக்கர்கள் என்று பிரித்து வாங்குவது மூன்றாவது. பழைய கருவிகளைத் தேடிப்பிடித்துச் செப்பனிட்டுக்கொள்வது நான்காவது. முதல் வழியைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. அந்தப் பெட்டிகளில், ஊசியின் அசைவை மின்சாரமாக மாற்றும் கார்ட்ரிட்ஜ் பெரும்பாலும் மலிவான செராமிக் வகையாகத்தான் இருக்கும். ஊசி 5 கிராமுக்குக் குறையாத எடையோடு தட்டின்மேல் அழுந்தும். அந்த எடையைக் குறைக்க வழியும் இருக்காது. ஸ்பீக்கரும் ஊசியும் ஒரே பெட்டியில் இருப்பதால், சத்தத்தைச் சற்றுக் கூட்டினாலே பெட்டியின் அதிர்வு ஊசிக்குப் போய், ஊசியிலிருந்து மறுபடி ஸ்பீக்கருக்கு வந்து சுற்றத் தொடங்கிவிடும். பரணில் கிடந்த நான்கு தட்டுகளில் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ள அது உதவலாம். காசு கொடுத்து வாங்கிய தட்டை அதில் வைக்க நான் துணியமாட்டேன். எஞ்சிய மூன்று வழிகளுக்குள்தான் உண்மையான தேர்வு இருக்கிறது.

கையில் என்ன தட்டு இருக்கிறது?

தமிழ்நாட்டில் இன்று ஒருவர் கைக்கு வரும் தட்டுகள் மூன்று வகை. அரக்கில் செய்த, நிமிடத்துக்கு 78 சுற்றில் ஓடும் கனத்த தட்டு முதல் வகை. ஏழு அங்குல 45 சுற்றுத் தட்டு இரண்டாவது. பழைய தமிழ்ப் படங்களின் பாடல்கள் ஒரு தட்டுக்கு மூன்று நான்கு என்று இ.பி.யாக வந்தது இந்த வடிவில்தான். பன்னிரண்டு அங்குல எல்.பி. மூன்றாவது. அமெரிக்காவில் கொலம்பியா நிறுவனம் 33⅓ சுற்று எல்.பி.யை 1948-லும், ஆர்.சி.ஏ. விக்டர் 45 சுற்றுத் தட்டை 1949-லும் கொண்டுவந்தபோதே 78-இன் காலம் முடியத் தொடங்கிவிட்டது. இந்தியாவிலோ கொல்கத்தாவின் டம்டம் ஆலையிலிருந்து 1960களிலும் 78 தட்டுகள் வந்துகொண்டிருந்தன. பீட்டில்ஸ் பாடல்களே இங்கே அரக்குத் தட்டில் வெளியாயின என்பதும், உலகம் முழுவதும் சேகரிப்பாளர்கள் அவற்றைத் தேடி அலைகிறார்கள் என்பதும் இதன் ஒரு விளைவு. நம் வீட்டுப் பரண்களிலும், பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தை போன்ற இடங்களிலும் 78 தட்டுகள் இன்றும் கிடைப்பது இன்னொரு விளைவு.

தட்டின் வகையை முதலில் பார்க்கச் சொல்வதற்குக் காரணம் வேகம் மட்டுமன்று, ஊசியும்தான். 78 தட்டின் பள்ளம் அகலமானது. அதற்கான ஊசியின் நுனி சுமார் 75 மைக்ரான் ஆரம் கொண்டது. எல்.பி.யின் நுண்பள்ளத்துக்கு உரிய கூம்பு ஊசியின் ஆரம் 15 முதல் 18 மைக்ரான்தான். எல்.பி. ஊசியை 78 தட்டில் வைத்தால் அது சுவர்களைத் தொடாமல் பள்ளத்தின் அடிவரை இறங்கி, அங்கே அரை நூற்றாண்டாகப் படிந்த அழுக்கையும் தேய்மானத்தையும் வாசிக்கும். பாட்டைவிட இரைச்சலே மேலோங்கும். 78 ஊசியை எல்.பி.யில் வைத்தால் பள்ளத்தின் மேல்விளிம்பு சேதமாகும். ஆகவே, தாத்தா காலத்துத் தட்டுகளைக் கேட்கவேண்டும் என்பது நோக்கமானால், 78 வேகமும் ஊசியை மாற்றும் வசதியும் இல்லாத டர்ன்டேபிள்கள் எவ்வளவு உயர்ந்தவையானாலும் பட்டியலிலிருந்து விலகிவிடுகின்றன.

இந்த இடத்தில் மாதிரிகளின் பெயரைச் சொல்லியே ஒப்பிடுவது நல்லது. ஆடியோ-டெக்னிகாவின் எல்.பி.60எக்ஸ், தொடக்கக்காரர்களுக்கு அதிகம் பரிந்துரைக்கப்படும் தானியங்கிக் கருவி. பொத்தானை அழுத்தினால் ஊசியைத் தாங்கிய கை தானாக எழுந்து தட்டின் தொடக்கத்தில் இறங்கும். பக்கம் முடிந்ததும் தானாகத் திரும்பி வந்து படுத்துக்கொள்ளும். ஃபோனோ ப்ரீஆம்ப் உள்ளேயே இருக்கிறது. ஆனால் அதில் 33, 45 என்ற இரண்டு வேகங்கள்தான். கார்ட்ரிட்ஜைக் கழற்றி வேறு மாட்ட முடியாது, தேய்ந்த ஊசியை மட்டுமே மாற்றலாம். ஊசியின் அழுத்தம் ஆலையிலேயே நிர்ணயிக்கப்பட்டு வருகிறது. இந்தக் குறைகளைச் சொல்லி இதை இகழ்வது ஆர்வலர்களிடையே வழக்கமாகிவிட்டது. வீட்டில் வயதானவர்கள் இயக்கப் போகிறார்கள் என்றால் அந்த இகழ்ச்சியைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. நடுங்கும் விரலால் கையைத் தூக்கித் தட்டின் ஓரத்தில் இறக்குவது எல்லோராலும் ஆகிற காரியமன்று. மதிய உணவுக்குப் பின் பாட்டுக் கேட்டபடியே கண்ணயர்ந்தவர் எழும்வரை, கையால் இயக்கும் டர்ன்டேபிளின் ஊசி கடைசிப் பள்ளத்திலேயே சுற்றித் தேய்ந்துகொண்டிருக்கும்.

அதே நிறுவனத்தின் எல்.பி.120எக்ஸ், தோற்றத்தில் டெக்னிக்ஸ் 1972-இல் அறிமுகப்படுத்திய எஸ்.எல்.-1200 வரிசையை நினைவூட்டுவது. மோட்டார் நேரடியாகத் தட்டைச் சுழற்றும். 33, 45, 78 ஆகிய மூன்று வேகங்களும் இருக்கின்றன. தோள்முனையில் எடைக்கல்லைத் திருகி ஊசியின் அழுத்தத்தை நாமே அமைக்கலாம்; உள்ளிருக்கும் ப்ரீஆம்பை வேண்டாதபோது பின்புறச் சுவிட்சால் விலக்கிவிடலாம். இதனோடு வரும் வி.எம்.95இ கார்ட்ரிட்ஜின் சிறப்பு, ஊசிப் பகுதியை மட்டும் விரலால் இழுத்தெடுத்து, அதே உடலில் வேறு வகை ஊசியைச் செருகலாம் என்பது. எளிய கூம்பு ஊசியிலிருந்து, மெல்லிய விளிம்புடைய நுண்கோட்டு (மைக்ரோலைன்) ஊசிவரை அந்த வரிசையில் உண்டு. 78 தட்டுக்கென்றே வி.எம்.என்.95எஸ்.பி. என்ற ஊசியும் உண்டு. மாற்றும்போது அழுத்தத்தையும் மாற்றவேண்டும் என்பதை மறந்துவிடக் கூடாது: எல்.பி. ஊசிக்கு 2 கிராம், 78 ஊசிக்குச் சுமார் 5 கிராம். ஊசியின் அழுத்தத்தை அளக்கும் சிறிய டிஜிட்டல் தராசு சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. யானையை வாங்கியவர் அங்குசத்துக்குக் கணக்குப் பார்க்கலாகாது.

மோட்டார் ஒரு பெல்ட் வழியாகத் தட்டைச் சுழற்றும் ஐரோப்பிய டர்ன்டேபிள்களான ரீகா பிளானர் 1, ப்ரோ-ஜெக்ட் டெபுட் கார்பன் ஈவோ ஆகியவை வேறு வகைப் பொறுமையை எதிர்பார்ப்பவை. இரண்டிலும் உள் ப்ரீஆம்ப் கிடையாது. பிளானர் 1-இல் 33-இலிருந்து 45-க்கு மாற, தட்டுமேடையைத் தூக்கிப் பெல்ட்டைக் கையால் அடுத்த படிக்கு நகர்த்தவேண்டும், இ.பி.யும் எல்.பி.யும் மாற்றி மாற்றிக் கேட்கிறவருக்கு அது விரைவில் சலித்துவிடும். டெபுட் கார்பன் ஈவோவில் அந்த மாற்றம் ஒரு சுவிட்சில் முடிகிறது. 78-க்கு மட்டும் வேறு பெல்ட் மாட்டவேண்டும். கொடுத்த காசுக்குக் கையும் தாங்கியும் எவ்வளவு துல்லியமாகச் செய்யப்பட்டிருக்கின்றன என்று பார்த்தால் இவ்விரண்டும் எல்.பி.120எக்ஸைவிட ஒரு படி மேல் என்பது என் கருத்து. ஆனால் அந்த மேன்மை, நல்ல நிலையிலுள்ள எல்.பி.யிலும் நல்ல ஸ்பீக்கரிலும்தான் வெளிப்படும். பெல்ட்டா நேரடி மோட்டாரா என்ற ஓயாத விவாதத்தை முதல் கருவி வாங்குகிறவர் படிக்காமலேயே கடந்துவிடலாம்.

ஊசியின் வடிவத்துக்கு மட்டும் கூடுதலாகச் செலவழிப்பதில் பொருள் உண்டு. எல்.பி. ஒரே வேகத்தில் சுற்றினாலும், ஊசியின்கீழ் பள்ளம் ஓடும் வேகம் ஒரே அளவில் இருப்பதில்லை: வெளி விளிம்பில் நொடிக்குச் சுமார் 51 செ.மீ., நடுவில் ஒட்டிய பெயர்ச்சீட்டுக்கு அருகில் சுமார் 21 செ.மீ. அதே ஒலி பாதிக்கும் குறைவான நீளத்துக்குள் நெருக்கிச் செதுக்கப்படுவதால், உள்பள்ளத்தில் உருண்டை நுனி கொண்ட கூம்பு ஊசியால் நெளிவுகளின் மூலைகளுக்குள் புக முடிவதில்லை. ஒரு பக்கத்தின் முதல் பாட்டில் தெளிவாக ஒலித்த பாடகியின் குரலில், கடைசிப் பாட்டில் மட்டும் ‘ச’, ‘ஷ’ ஒலிகள் சீறுகிறதென்றால் காரணம் பெரும்பாலும் இதுதான். நீள்வட்ட ஊசியில் அந்தச் சீறல் குறைகிறது. நுண்கோட்டு ஊசியில் ஏறக்குறைய அடங்கிவிடுகிறது. முந்தைய உடைமையாளர் கனத்த ஊசியால் ஓட்டித் தேய்த்துவிட்ட தட்டை எந்த ஊசியாலும் திருத்த முடியாது என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும்.

பழைய கருவிகள் என்ற நான்காவது வழியில் இரண்டு வகைத் தட்டுக் கருவிகளைப் பிரித்துப் பார்க்கவேண்டும். எச்.எம்.வி. ஃபியஸ்டா போன்ற உள்நாட்டுப் பெட்டிகள் அழகானவை. கண்ணாடி அலமாரியில் வைக்கத் தகுந்தவை. அவற்றின் காலத்துக் கிரிஸ்டல் கார்ட்ரிட்ஜ்களில் பயன்பட்ட ரோஷல் உப்பு ஈரத்தை உறிஞ்சிக் கெட்டுப்போகும் இயல்புடையது. கடலோரக் காற்றில் இத்தனை ஆண்டுகள் இருந்த ஒன்று உயிரோடு இருக்கும் என்று நம்பி வாங்குவது சரியல்ல. ஜப்பானியக் கருவிகளின் நிலை வேறு. 1970களின் இறுதியில் வந்த நடுத்தர ஜப்பானிய டர்ன்டேபிள் ஒன்று நல்ல நிலையில் கிடைத்தால், அதே விலைக்குப் புதிதாகக் கிடைப்பதைவிட அது மேலாகவே இருக்கும். வாங்கும் முன் தட்டுமேடையைத் தூக்கிப் பெல்ட்டைத் தொட்டுப்பார்க்க வேண்டும். பழைய ரப்பர் தார்போல இளகி விரலில் கறுப்பாக ஒட்டுமானால் பெல்ட்டை மாற்றுவதோடு, சக்கரத்தில் படிந்ததையும் சுரண்டித் துடைக்கவேண்டியிருக்கும். அது பெரிய செலவன்று. கையின் தாங்கியில் ஆட்டம் இருந்தால் மட்டும் எந்த விலைக்கும் வேண்டாம்.

ஃபோனோ என்ற கண்ணி

டர்ன்டேபிளை நேராக ஆம்ப்ளிஃபையரின் ஆக்ஸ் துளையில் (சி.டி. ப்ளேயர் போன்றவற்றுக்கான பொது இணைப்பில்) செருகியவர்களுக்குக் கொசு ரீங்காரம்போல் ஒரு மெல்லிய, அடித்தளமில்லாத ஒலி மட்டுமே கேட்கும். காரணம் இரண்டு. காந்தக் கார்ட்ரிட்ஜிலிருந்து வருவது 4, 5 மில்லிவோல்ட்தான், சி.டி. ப்ளேயரிலிருந்து வருவது சுமார் 2 வோல்ட். அத்துடன், தட்டில் பதியும்போதே தாழ்ந்த ஒலிகளைக் குறைத்தும் உயர்ந்த ஒலிகளைக் கூட்டியும் பதிகிறார்கள். 1950களின் நடுவிலிருந்து பொதுவான நியமமாக இருந்துவரும் ஆர்.ஐ.ஏ.ஏ. வளைவின்படி 50 ஹெர்ட்ஸில் சுமார் 17 டெசிபல் குறைப்பு, 10,000 ஹெர்ட்ஸில் சுமார் 14 டெசிபல் கூட்டல். அதைத் தலைகீழாகத் திருப்பிச் சமன்செய்து, மில்லிவோல்ட்டையும் பெருக்கித் தருவதே ஃபோனோ ப்ரீஆம்பின் வேலை.

அது டர்ன்டேபிளுக்குள் இருக்கலாம், ஆம்ப்ளிஃபையருக்குள் இருக்கலாம், நடுவில் தனிப்பெட்டியாகவும் இருக்கலாம். மூன்றில் ஏதேனும் ஓரிடத்தில் கட்டாயம் இருக்கவேண்டும், ஒரே ஓர் இடத்தில்தான் இருக்கவேண்டும். டர்ன்டேபிளின் பின்புறச் சுவிட்சு ‘லைன்’ பக்கம், அதாவது உள் ப்ரீஆம்ப் இயங்கும் நிலையில், இருக்கையில் வயரை ஆம்ப்ளிஃபையரின் ஃபோனோ துளையில் செருகினால், இருமுறை பெருக்கப்பட்ட ஒலி கிழிந்து கர்ணகடூரமாக வரும். ஸ்பீக்கர் கெட்டுவிட்டது என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு போவதற்கு முன் அந்தச் சுவிட்சைப் பார்ப்பது நல்லது. முதல் தொகுப்பில் ஆம்ப்ளிஃபையருக்குள்ளேயே ஃபோனோ இருப்பதைத் தேர்ந்தெடுப்பதே எளிது. கேம்பிரிட்ஜ் ஆடியோவின் ஏ.எக்ஸ்.ஏ.25, ஏ.எக்ஸ்.ஏ.35 என்ற இரண்டும் பெயரில் இரட்டையர். முதலாவதில் ஃபோனோ இல்லை, இரண்டாவதில் உண்டு. இதைக் கவனிக்காமல் முதலாவதை வாங்கி, பிறகு தனி ப்ரீஆம்பும் அதற்கொரு அடாப்டரும் வாங்கினால் சேமித்த பணம் அங்கேயே போய்விடும்.

அறையும் ஸ்பீக்கரும்

மொத்தப் பணத்தில் ஏறக்குறைய பாதியை ஸ்பீக்கருக்கு ஒதுக்கவேண்டும் என்பது என் நிலைப்பாடு. இரண்டு நல்ல ஆம்ப்ளிஃபையர்களை மாற்றி மாற்றிக் கேட்டால் வேறுபாட்டைச் சொல்லத் திணறுகிறவர்கள்கூட, இரண்டு ஸ்பீக்கர்களின் வேறுபாட்டை முதல் நிமிடத்திலேயே சொல்லிவிடுவார்கள். அந்த வேறுபாட்டிலும் பெரும்பங்கு அறையினுடையது.

நம் ஊர் அறைகளைப் பற்றி வெளிநாட்டு வழிகாட்டிகள் சொல்வதில் பாதி நமக்குப் பொருந்துவதில்லை. மரத்தரை வீடுகளில் ஒருவர் நடந்தாலே ஊசி துள்ளும் என்பதால், அங்கே டர்ன்டேபிளைச் சுவரில் மாட்டச் சொல்கிறார்கள். கான்கிரீட் தளத்தின்மேல் டைல்ஸ் பதித்த நம் வீடுகளில் அந்தத் தொல்லை ஏறக்குறைய இல்லை. அதற்குப் பதிலாக நமக்கு வாய்த்திருப்பது எதிரொலி. அறையின் நடுவில் நின்று ஒருமுறை ஓங்கிக் கைதட்டிப் பார்க்கலாம். தட்டிய ஒலி முடிந்த பின்னும் சுவர்களுக்கிடையே ஓர் உலோகச் சிலிர்ப்பு ஓடுமானால், அந்த அறையில் எந்த ஸ்பீக்கரும் உயர்ஒலிகளில் காதைக் குத்தும். பூசிய சுவர், டைல்ஸ் தரை, திரையில்லாத கண்ணாடிச் சன்னல் மூன்றும் சேர்ந்த அறையில் இது உறுதியாக இருக்கும். பவானி ஜமக்காளத்தை விரித்தால் மேல்ஒலிகள் ஓரளவு அடங்கும். அதைவிடத் தாழ்ந்த ஒலி எதுவும் ஜமக்காளத்தால் அடங்காது. பஞ்சு வைத்த சோபா, தடித்த திரைச்சீலை, நிறைந்த புத்தக அலமாரி ஆகியவை கூடுதலாக உதவும். எஃகு பீரோ எதிர்த் திசையில் வேலை செய்கிறது: தாழ்ந்த தபேலா ஒலி வரும்போதெல்லாம் அதன் கைப்பிடியும் மேலே வைத்த பெட்டிகளும் கடகடக்கும். ஸ்பீக்கரில் குறை இருப்பதாக எண்ணிப் பலர் தேடுவது அந்தக் கைப்பிடியைத்தான்.

இத்தகைய அறைக்கு உயர்ஒலியைத் தூக்கிக்காட்டும் ஸ்பீக்கரைவிட, மிதமான போக்குடைய ஸ்பீக்கரே பொருத்தம். கடையில் பதினைந்து நிமிடம் கேட்கும்போது பளிச்சென்று ஈர்க்கும் பெட்டி, டைல்ஸ் அறையில் ஒரு மணி நேரத்துக்குள் தலைவலியாகிவிடும். வார்ஃப்டேல் டயமண்ட் 12.1 போன்ற, 130 மி.மீ. வூஃபர் (அடிஒலி தரும் கூம்பு) கொண்ட சிறிய அலமாரி ஸ்பீக்கர் 10 அடிக்கு 12 அடி அறைக்குப் போதும். அதைவிடப் பெரிய நின்ற ஸ்பீக்கர்கள் அந்த அளவு அறையில் அடிஒலியைக் குழப்பவே செய்யும். கொல்கத்தாவைச் சேர்ந்த சோனோடைனின் பெட்டிகளையும் கேட்டுப்பார்ப்பது தகும். உள்நாட்டு நிறுவனம் என்பதால் பழுதுபார்க்க அனுப்புவதில் சிக்கல் குறைவு.

எதை வாங்கினாலும் வைக்கும் இடம் அதைவிட முக்கியம். நம் வீடுகளில் தொலைக்காட்சிக்கென்று செய்த ஷோகேஸுக்குள் டர்ன்டேபிள், ஆம்ப்ளிஃபையர், ஸ்பீக்கர் எல்லாவற்றையும் அடுக்கிவிடும் வழக்கம் இருக்கிறது. ஒரே பலகையில் ஸ்பீக்கரும் டர்ன்டேபிளும் இருந்தால் சூட்கேஸ் ப்ளேயரின் அதே நோய் இங்கேயும் வந்துசேரும். சுவரை ஒட்டியும் மூலையிலும் வைத்த பெட்டியில் அடிஒலி வீங்கி, குரல் குடத்துக்குள்ளிருந்து வருவது போலிருக்கும். சுவரிலிருந்து இரண்டு அடியாவது தள்ளி, உயர்ஒலி தரும் ட்வீட்டர் உட்கார்ந்தவரின் காது மட்டத்தில் இருக்குமாறு ஸ்டாண்டில் வைக்க முடிந்தால், விலை குறைந்த ஸ்பீக்கரே விலை கூடியதைத் தோற்கடிக்கும். அறையில் அப்படியொரு இடம் ஒதுக்க வீட்டார் சம்மதிக்கவில்லையென்றால், அதை வாங்கும் முன்பே ஏற்றுக்கொண்டு, சிறிய பெட்டியோடு நிறுத்திக்கொள்வது அறிவுடைமை.

பவர்டு ஸ்பீக்கரா சாதாரண ஸ்பீக்கரா என்ற கேள்விக்கு இருபக்கமும் நியாயம் இருக்கிறது. எடிஃபையர் ஆர்1280டி போன்ற ஒன்றில் ஆம்ப்ளிஃபையர் ஒரு பெட்டிக்குள்ளேயே பொருந்தியிருக்கிறது. ஃபோனோ துளை கிடையாது என்பதால் எல்.பி.60எக்ஸ் போல ப்ரீஆம்ப் உள்ளடங்கிய டர்ன்டேபிளோடு சேர்த்தால் வேறெதுவும் வேண்டாம். இடமும் மிச்சம், பணமும் மிச்சம். தவறாக இணைக்க வழியும் இல்லை. ஆனால் உள்ளிருக்கும் மின்பலகை பழுதானால் ஸ்பீக்கரும் சேர்ந்தே ஊமையாகிவிடும். இடிமின்னலோடு மழை வரும் ஊர்களில் இது வெறும் கற்பனையன்று. சாதாரண ஆம்ப்ளிஃபையரைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்த மெக்கானிக் ஏறக்குறைய எல்லா ஊரிலும் இருக்கிறார். பவர்டு ஸ்பீக்கரின் பலகைக்கு மாற்றுப்பலகை கேட்டு நிறுவனத்துக்குத்தான் எழுதவேண்டும். ஐந்தாண்டுக்குள் எப்படியும் மாற்றிவிடுவோம் என்பவர்கள் பவர்டு வகையை வாங்கலாம். ஸ்பீக்கரை இருபது ஆண்டு வைத்துக்கொண்டு மற்றவற்றை மட்டும் மாற்ற நினைப்பவர்களுக்குச் சாதாரண வகையே உகந்தது. நான் இந்தப் பக்கத்தில்தான் நிற்கிறேன்.

கடைசியாக வாட்

டயமண்ட் 12.1 ஒரு வாட் மின்சாரத்தில் ஒரு மீட்டர் தூரத்தில் 88 டெசிபல் ஒலி தருகிறது. இரண்டரை மீட்டர் தள்ளி உட்கார்ந்தாலும், இரண்டு பெட்டிகள் இருப்பதாலும் சுவர்கள் ஒலியைத் திருப்பித் தருவதாலும், காதுக்கு வருவது 85 டெசிபலுக்கு அருகில் இருக்கும். அடுக்ககத்தில் பக்கத்து வீட்டார் கதவைத் தட்டுவதற்கு அதுவே போதுமான சத்தம். மிருதங்கத்தின் அடியும் வயலின் குழுவின் எழுச்சியும் அந்தச் சராசரிக்கு மேலே 15 டெசிபல்வரை தாவலாம். ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் மின்திறன் இரட்டிக்கவேண்டும் என்பதால் அந்தத் தாவலுக்கு 32 வாட் தேவை. எனவே 35 வாட் தரும் ஏ.எக்ஸ்.ஏ.35, 40 வாட் தரும் நாட் சி316பிஇஇ வி2, 45 வாட் தரும் மாரன்ட்ஸ் பி.எம்.6007 ஆகிய எதுவும் அந்த அறைக்குப் போதும். மூன்றிலும் காந்தக் கார்ட்ரிட்ஜுக்கான ஃபோனோ உண்டு. சேனலுக்கு 100 வாட் தரும் யமஹா ஏ-எஸ்201-ஐ வாட்டுக்காக வாங்க வேண்டியதில்லை; கைக்கு அடக்கமான விலையில் ஃபோனோவோடு வருகிறது என்பதற்காக வாங்கலாம். சி.டி. ப்ளேயரோ தொலைக்காட்சியோ டிஜிட்டல் வயரில் இணையவேண்டும் என்றால் மாரன்ட்ஸ் பொருத்தம். தட்டு மட்டும்தான் என்றால் நாட் போதும். மின்விசிறி ஓடாமல் உட்கார முடியாத மாதங்களில் விசிறியின் இரைச்சலே பல நுணுக்கங்களை விழுங்கிவிடுகிறது என்பதால், நிசப்தத்துக்குப் பெயர்பெற்ற விலையுயர்ந்த ஃபோனோ பெட்டிகளைப் பற்றி இப்போதைக்கு எண்ணவேண்டாம்.

ஒரு சிறு வசதியை மட்டும் தேடிப்பார்க்கலாம். 1970களின் பிற்பகுதிவரை தமிழ்த் திரைப்பாடல் தட்டுகள் பெரும்பாலும் மோனோதான். மோனோ தட்டில் பாட்டு ஊசியின் பக்கவாட்டு அசைவில் மட்டும் இருக்கிறது. மேலும் கீழுமான அசைவில் வருவது அழுக்கும் கீறலும்தான். இரு சேனல்களையும் ஒன்றாக்கினால் அந்த மேல்கீழ் ஓசை தன்னைத்தானே ரத்து செய்துகொள்ளும். படபடப்பு குறைந்து குரல் நடுவில் உறுதியாக நிற்கும். பழைய ஆம்ப்ளிஃபையர்களில் இதற்கென்று மோனோ பொத்தான் இருந்தது. இன்றைய தொடக்கநிலைக் கருவிகளில் அது அரிது. தட்டுகளில் பெரும்பகுதி பழைய தமிழ்ப் பாடல்கள் என்றால், இந்த ஒரு பொத்தானுக்காகவே நல்ல நிலையிலுள்ள பழைய ஜப்பானிய ஆம்ப்ளிஃபையரைப் பரிசீலிக்கலாம்.

அமெரிக்காவிலிருந்து வரும் உறவினரிடம் டர்ன்டேபிள் வாங்கிவரச் சொல்வதில் ஒரு கண்ணி உண்டு. அங்கே மின்சாரம் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். இங்கே 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். டிரான்ஸ்ஃபார்மர் வோல்ட்டைக் குறைக்கும், ஹெர்ட்ஸை மாற்றாது. மின்சாரத்தின் துடிப்பைப் பின்பற்றிச் சுற்றும் ஏ.சி. மோட்டார் கொண்ட கருவி இங்கே 33⅓-க்குப் பதிலாக நிமிடத்துக்கு 27.8 சுற்றில்தான் ஓடும். பாட்டு மூன்று அரைச்சுரத்துக்கும் மேல் இறங்கி, பாடகியின் குரல் ஆண்குரலை நெருங்கும். டி.சி. மோட்டாரும் நேரடி மோட்டாரும் கொண்டவற்றில் இந்தச் சிக்கல் இல்லை. அடாப்டரின்மேல் 100-240 வோல்ட் என்று அச்சிட்டிருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதும். ‘ம்ம்ம்’ என்று இடைவிடாத முனகல் கேட்டால் டர்ன்டேபிளின் மெல்லிய எர்த் வயர் ஆம்ப்ளிஃபையரின் பின்புறத் திருகில் இறுக்கமாக இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். அது சரியாக இருந்தும் முனகல் நிற்கவில்லையென்றால் வீட்டின் எர்த்திங்கை எலக்ட்ரீஷியனிடம் காட்டவேண்டும். எர்த் இல்லாத இரண்டு முனைப் பிளக்கை நீட்டித்து நீட்டித்து எல்லாவற்றையும் செருகி வைப்பது ஒலிக்கு மட்டுமன்று, உயிருக்கும் கேடு.

இவற்றை வைத்துப் பார்த்தால், புதிதாக வரும் எல்.பி.களை மட்டும் எளிதாகக் கேட்க விரும்பும் வீட்டுக்கு எல்.பி.60எக்ஸும் ஒரு ஜோடி பவர்டு ஸ்பீக்கரும் போதும். பரணில் 78-உம் இ.பி.யும் எல்.பி.யும் கலந்து கிடக்கும் வீட்டுக்கு எல்.பி.120எக்ஸ், கூடுதலாக 78 ஊசி, நாட் அல்லது யமஹா ஆம்ப்ளிஃபையர், அலமாரி ஸ்பீக்கர் என்பதே நான் சொல்வது; தமிழ் வாசகர்களில் பெரும்பாலோர் இந்த இரண்டாவது வகையில்தான் வருவார்கள் என்று நினைக்கிறேன். தட்டுகளைத் தேர்ந்து வாங்கிப் பேணுகிறவர், ஒரு பக்கத்தை முழுதாக உட்கார்ந்து கேட்கிறவர் டெபுட் கார்பன் ஈவோவுக்குப் போகலாம். பணம் ஒரே நேரத்தில் சேரவில்லையென்றால் ஸ்பீக்கரையும் ஆம்ப்ளிஃபையரையும் முதலில் வாங்கி, வீட்டில் இருக்கும் சி.டி. ப்ளேயரையோ கைபேசியையோ இணைத்துக் கேட்டுக்கொண்டிருக்கலாம். டர்ன்டேபிள் ஆறு மாதம் கழித்து வந்தாலும் குறைவில்லை.

டர்ன்டேபிளோடு சேர்த்தே வாங்கவேண்டியது ஒரு கார்பன் தூரிகையும் தட்டுக் கழுவும் திரவமும். கடலோர ஊர்களில் அட்டை உறையும் உள்உறையும் பூஞ்சை பிடிக்கும். அந்தப் பூஞ்சை பள்ளத்துக்குள்ளும் படரும். ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் கலந்த திரவம் வினைல் தட்டுக்குச் சரி. 78 தட்டின் அரக்கு ஆல்கஹாலில் கரையும் என்பதால், அவற்றை ஆல்கஹால் கலவாத நீர்த்த சோப்புநீரில், நடுச்சீட்டு நனையாமல் கழுவி, நிழலில் நிறுத்திவைத்து உலர்த்தவேண்டும்.